பிங் கட்டளையில் இருந்த பஃபர் ஓவர்ஃப்ளோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 நவம்பர் 29 அன்று ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் பாதுகாப்புக் குழு, தன் பிங் நிரலில், தற்காலிகத் தரவை வைக்கும் ஸ்டாக் நினைவகம் வழியும் பிழை ஒன்று இருப்பதை அறிவித்து, அதற்கான திருத்தத்தையும் உடன் வெளியிட்டது. அறிவிப்பின் எண் எஸ்ஏ-22:15. பிழையின் பொது அடையாளம் சிவிஇ-2022-23093. சர்வர் பராமரிப்பைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் இந்தப் பிழையை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிங் என்பது சும்மா ஒரு சோதனைக் கட்டளைதானே? அதில் என்ன பாதுகாப்புப் பிழை வந்துவிடப் போகிறது?

பிங் எளிய கருவிதான். வலையமைப்பின் நிலையைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி நெறிமுறையின் 8ஆம் வகைச் செய்தியான எதிரொலிக் கோரிக்கையை ஒரு முகவரிக்கு அனுப்பி, 0ஆம் வகையான எதிரொலிப் பதில் திரும்பி வருகிறதா, வந்தால் எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்வதுதான் அதன் வேலை. அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியை நினைத்தே இந்தப் பெயரை வைத்தார்.

ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை, கருவி எவ்வளவு எளியது என்பதைவிட, அது யார் கொடுத்த பைட்டுகளைப் படிக்கிறது என்பதே முக்கியம். பிங் அனுப்புவது அதன் சொந்தப் பாக்கெட், அதாவது வலையமைப்பில் செல்லும் தரவுத் துண்டு. பெற்றுக்கொள்வதோ வெளியிலிருந்து வருவது. அந்த வெளிப் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் ஒரு கணக்குத் தவறினாலும், எந்தப் பெரிய சர்வர் நிரலுக்கும் வரக்கூடிய ஆபத்து பிங்குக்கும் வரும்.

பஃபர் ஓவர்ஃப்ளோ என்பதை நிரல் எழுதத் தெரியாத எனக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

பஃபர் என்பது தரவை வைப்பதற்காக நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட, அளவு குறித்த இடம். உழக்கு கொள்ளும் பாத்திரத்தில் ஒரு படி நெல்லைக் கொட்டினால் மீதி நெல் கீழே சிந்தும். நினைவகத்தில் அப்படிச் சிந்துவதற்கு வெற்றுத் தரை கிடையாது. பஃபரை ஒட்டி அடுத்த மாறியோ, செயற்கூறு (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) முடிந்ததும் திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியோ இருக்கும். மிகுதியான பைட்டுகள் அவற்றின் மேல் எழுதப்படும். சி மொழி இதை ஓடும்போது தானாகத் தடுப்பதில்லை.

இது புதிய வகைப் பிழையும் அன்று. 1988 நவம்பரில் தானாகவே கணினிக்குக் கணினி பரவிய மோரிஸ் வார்ம் என்ற தீநிரல், ஃபிங்கர் சேவையில் இருந்த 512 பைட் பஃபரை வழியச் செய்துதான் பல வாக்ஸ் கணினிகளுக்குள் நுழைந்தது. ஃபிங்கரும் யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கான ஒரு சாதாரண விசாரிப்புக் கருவிதான்.

சரி, ஃப்ரீபிஎஸ்டி பிங்கில் தவறு சரியாக எந்த இடத்தில் நடந்தது?

வரும் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து அச்சிடும் செயற்கூறின் பெயர் பிஆர்_பேக். பாக்கெட்டின் முதற்பகுதியான ஐபி ஹெட்டரை, ஸ்டாக்கில் தனக்கென வைத்திருந்த ஓர் அமைப்புக்குள் அது நகலெடுத்தது. அந்த அமைப்பின் அளவு 20 பைட்டுகள். ஐபி ஹெட்டரின் குறைந்தபட்ச நீளமும் அதுவே என்பதால் பெரும்பாலான பாக்கெட்டுகளுக்கு இந்த இடம் போதும்.

ஆனால் ஐபி ஹெட்டரின் நீளம் நிலையானதன்று. ஹெட்டரின் முதல் பைட்டில் உள்ள கடைசி 4 பிட்டுகளில் நீளம் குறிக்கப்படுகிறது. அந்த எண்ணை 4 ஆல் பெருக்கினால் பைட் கணக்கு கிடைக்கும். 5 என்றால் 20 பைட்டுகள். 4 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 15 என்றால் 60 பைட்டுகள். பிஆர்_பேக் இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டது. நீளம் 20 முதல் 60 வரை இருக்கலாம் என்ற விளக்கக் குறிப்புகூட நிரலில் அதே இடத்தில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த வரியில்தான், கணக்கிட்டு எடுத்த அந்த நீளத்தையே, பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி செயற்கூறுக்கு அளவாகக் கொடுத்து, 20 பைட் இடத்துக்குள் நகலெடுக்கச் சொன்னார்கள். 60 பைட் ஹெட்டர் வந்தால் 40 பைட்டுகள் வெளியே வழியும்.

எனக்கு இதில் கவனிக்க வேண்டியதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. நீளத்தைப் பார்க்க மறந்ததால் வந்த பிழை அன்று இது. நீளத்தைப் பார்த்து, புரிந்து, குறிப்பும் எழுதிய பிறகு வந்த பிழை. வருகிறதன் அளவு கேட்கப்பட்டது. வைக்கும் இடத்தின் அளவு கேட்கப்படவில்லை.

அந்தக் கூடுதல் 40 பைட்டுகளில் வழக்கமாக என்னதான் இருக்கும்? நான் ஒருபோதும் பார்த்ததில்லையே.

அவற்றை ஐபி ஆப்ஷன்கள் என்பார்கள். 1981 செப்டம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 791 ஆவணத்திலேயே இவை இடம்பெற்றுள்ளன. பாக்கெட் எந்த ரவுட்டர்கள் வழியாகச் சென்றது என்று பதிவு செய்வது, எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்று அனுப்புபவரே குறித்துக்கொடுப்பது, நேர முத்திரை இடுவது ஆகியவை அவற்றின் பயன்கள். இன்று இணையத்தில் இவை அரிது. ஆப்ஷன் உள்ள பாக்கெட்டுகளைப் பல வலையமைப்புகள் வழியிலேயே கைவிடுகின்றன. நீங்கள் பார்க்காததற்குக் காரணம் அதுவே.

இருந்தாலும் பிங் நிரலுக்கு ஆப்ஷன்கள் அந்நியமானவை அல்ல. ஆர் என்ற பெரிய எழுத்துத் தெரிவுடன் பிங்கை இயக்கினால், வழிப்பதிவு ஆப்ஷனை அதுவே பாக்கெட்டில் சேர்த்து அனுப்பும். திரும்பி வரும் பதிலில் உள்ள முகவரிப் பட்டியலை அச்சிடும் பகுதி அதே பிஆர்_பேக்கின் பின்பாதியில் இருக்கிறது. அதாவது, ஆப்ஷன்கள் வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட செயற்கூறின் முன்பாதிதான் அவை வராது என்பதுபோல் நடந்துகொண்டது.

பிழை ஓரிடத்தில் இல்லை, இரண்டு இடங்களில் என்கிறார்களே?

ஆம். ஒரு பாக்கெட் சேர வேண்டிய இடத்தைச் சேர முடியாதபோது, வழியில் உள்ள ரவுட்டரோ இலக்குக் கணினியோ ஐசிஎம்பி பிழைச் செய்தி ஒன்றை அனுப்பும். 3ஆம் வகை, இலக்கை அடைய முடியவில்லை என்பது; 11ஆம் வகை, ஆயுள் முடிந்துவிட்டது என்பது. எந்தப் பாக்கெட்டைப் பற்றிச் சொல்கிறோம் என்று அனுப்பியவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக அந்தப் பழைய பாக்கெட்டின் ஐபி ஹெட்டரும் அதைத் தொடர்ந்த குறைந்தது 8 பைட்டுகளும் பிழைச் செய்திக்குள் மேற்கோளாக வைக்கப்படும். ஆர்எஃப்சி 792 இப்படித்தான் விதிக்கிறது.

ஆகவே ஒரு பிழைச் செய்தியில் இரண்டு ஐபி ஹெட்டர்கள் இருக்கும்: வெளியே ஒன்று, மேற்கோளுக்குள் ஒன்று. பிஆர்_பேக் உள்ளே இருந்ததையும் தனியாக ஸ்டாக்கில் நகலெடுத்தது; அங்கும் ஆப்ஷன்கள் இருக்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. மேற்கோள் என்று பெயரே தவிர, அதை எழுதி அனுப்புவது எதிர்முனைதான். நாம் அனுப்பாத ஆப்ஷன்களை நாம் அனுப்பியதாக மேற்கோள் காட்டுவதை எதுவும் தடுப்பதில்லை.

வெறும் 40 பைட்தானே வழிகிறது. அதை வைத்து யாரால் என்ன செய்துவிட முடியும்?

64 பிட் கணினியில் ஒரு முகவரியின் நீளம் 8 பைட்டுகள். ஆகவே 40 பைட்டுகளில் ஐந்து முகவரிகள் அடங்கும். கோட்பாட்டளவில் அது சிறிய இடம் அன்று. ஆனால் வழியும் பைட்டுகள் எதன் மேல் விழுகின்றன என்பது, மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்தச் செயற்கூறின் மாறிகளை ஸ்டாக்கில் எந்த வரிசையில் அடுக்கியது என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் இருப்பது இன்னொரு ஹெட்டர் நகலாக இருந்தால் பெரிய விளைவு எதுவும் தெரியாமலே போகலாம். நினைவக முகவரி ஒன்றை வைத்திருக்கும் சுட்டியாக இருந்தால் நிரல் செயலிழக்கும்.

திரும்பு முகவரியை எட்டுவதற்கு முன் ஸ்டாக் காவல் மதிப்பு என்ற தடையும் உண்டு. ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை நிரல்கள் இந்தக் காப்புடன்தான் கட்டப்படுகின்றன. செயற்கூறு முடியும்போது அந்த மதிப்பு மாறியிருந்தால், நிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இது எல்லாத் தாக்குதலையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் 40 பைட்டுகளை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு வேலையைக் கடினமாக்கும்.

நான் பிங் அனுப்புகிறவன். பிங் வாங்குகிற கணினிக்குத்தானே ஆபத்து? எனக்கு எப்படி வரும்?

இந்தக் கேள்விதான் மிகுதியாக வருகிறது. இந்தப் பிழையில் திசை தலைகீழானது. பிங் கோரிக்கையைப் பெற்றுப் பதில் தருவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். அங்கே பிங் நிரல் ஓட வேண்டிய தேவையே இல்லை. பிங் நிரல் ஓடுவது கேட்கிறவரின் கணினியில் மட்டும்தான். ஆகவே பாதிக்கப்படுபவர் கேட்டவர். பதில் சொல்பவர் தாக்குபவராக இருக்கலாம். யாரும் பிங் கட்டளையை இயக்காத நேரத்தில் அந்தக் கணினியை இந்தப் பிழை வழியாகத் தொடவே முடியாது.

ஒரு மனிதர் முனையத்தில் அமர்ந்து நான்கு முறை பிங் செய்கிறார் என்றால் அந்தச் சாளரம் சில நொடிகளே. ஆனால் நூறு சர்வர்களை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்யும் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே அந்தச் சாளரம் எப்போதும் திறந்தே இருக்கிறது.

நான் என் சொந்த சர்வர்களை மட்டும்தான் பிங் செய்கிறேன். அப்படியானால் எனக்குக் கவலையில்லை, சரியா?

முழுவதும் சரியன்று. பிங் பயன்படுத்துவது ரா சாக்கெட், அதாவது ஐசிஎம்பி பாக்கெட்டுகளை நிரல் நேரடியாகக் கையாள உதவும் வாயில். பதிலுக்காகக் காத்திருக்கும் அந்தச் சாக்கெட்டுக்கு, அந்தக் கணினிக்கு வரும் ஐசிஎம்பி பதில்கள், பிழைச் செய்திகள் ஆகியவற்றின் நகல்கள் யாரிடமிருந்து வந்தாலும் போய்ச் சேரும். அவற்றில் தனக்கு உரியது எது என்பதைப் பாக்கெட்டில் உள்ள அடையாள எண்ணை வைத்துப் பிங் நிரல்தான் பிரித்தறிகிறது.

இங்கே சிக்கல் என்னவென்றால், ஹெட்டரை நகலெடுக்கும் வரி முதலில் வருகிறது. அடையாள எண்ணைச் சரிபார்க்கும் வரி அதற்குப் பிறகுதான் வருகிறது. உரியவரின் பதிலா என்று பார்ப்பதற்கு முன்பே வழிய வேண்டியது வழிந்துவிடும். ஆகவே நீங்கள் யாரைப் பிங் செய்கிறீர்கள் என்பதைவிட, நீங்கள் பிங் செய்துகொண்டிருக்கும்போது யாருடைய பாக்கெட் உங்களை எட்ட முடியும் என்பதே கேள்வி. ஆப்ஷன் உள்ள பாக்கெட்டுகள் இணையத்தில் நெடுந்தூரம் பிழைத்து வருவது அரிது என்று முன்பே சொன்னேன். ஆகவே ஒரே உள்வலையமைப்பில் இருப்பவரே நடைமுறையில் எளிதான தாக்குபவர்.

பிங், நிர்வாகியின் முழு உரிமையான ரூட் உரிமையோடு ஓடும் நிரல். அதைப் பிடித்தால் கணினி முழுவதையும் பிடித்ததாகாதா?

ரா சாக்கெட்டைத் திறப்பதற்கு உயர் உரிமை வேண்டும். சாதாரணப் பயனரும் பிங் செய்ய வேண்டும் என்பதால், ஃப்ரீபிஎஸ்டியில் பிங் நிரல் செட்யூஐடி குறியுடன் நிறுவப்படுகிறது. யார் இயக்கினாலும் அது ரூட் உரிமையோடு தொடங்கும். இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் தொடங்கியதும் சாக்கெட்டைத் திறந்துகொண்டு, அந்த உரிமையை உடனே கைவிட்டுவிடும். முதல் பதில் பாக்கெட் வந்து பிஆர்_பேக் ஓடும்போது அது இயக்கியவரின் சாதாரண உரிமையில்தான் இருக்கும்.

ரூட் பயனரே பிங்கை இயக்கினால் கைவிடுவதற்கு ஒன்றும் இல்லையே என்று அடுத்து ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடை அடுத்ததில் இருக்கிறது.

கேப்ஸிகம் என்று ஏதோ சொன்னார்கள். அது என்ன, மிளகாயா?

குடைமிளகாய் இனத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் கூகுளின் துணையோடு உருவாகி, 2010இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்து, 2012இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 9.0 பதிப்பில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு முறை இது. ஒரு நிரல் தனக்கு வேண்டியவற்றை எல்லாம் முதலில் திறந்துகொண்டு, பிறகு தானே விரும்பி ஒரு கூண்டுக்குள் நுழைந்துகொள்ளும். நுழைந்த பின் வெளியே வர வழி கிடையாது. பெயரைச் சொல்லி எந்தக் கோப்பையும் திறக்க முடியாது. புதிதாக எந்த முகவரிக்கும் இணைப்பு ஏற்படுத்த முடியாது. கையில் ஏற்கெனவே இருக்கும் சாக்கெட்டுகளையும், அவற்றுக்கு அனுமதித்த செயல்களுக்கு மட்டுமே, பயன்படுத்தலாம்.

பிங் இந்தக் கூண்டுக்குள் இருந்துகொண்டுதான் பதில்களைப் படிக்கிறது. அனுப்பும் சாக்கெட்டால் இலக்குக்கு அனுப்ப மட்டுமே முடியும். முகவரிக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலையைக்கூட அது நேரடியாகச் செய்வதில்லை. காஸ்பர் என்ற துணைச் சேவையிடம் கேட்டுப் பெறுகிறது. அந்தச் சேவையும் முகவரியிலிருந்து பெயர் காண்பதற்கு மட்டுமே அதற்கு இசைவு தருகிறது. இந்தக் கூண்டு பயனர் யார் என்று பார்ப்பதில்லை. ரூட் இயக்கிய பிங்கும் இதே கூண்டுக்குள்தான் இருக்கும். பாதிக்கப்பட்ட எல்லாப் பதிப்புகளிலும் இந்தக் காப்பு இருந்தது என்பதை அறிவிப்பே குறிப்பிட்டது. கெர்னலில் இன்னொரு பிழையையும் கண்டுபிடித்து இரண்டையும் கோத்தால் ஒழிய, பிங்கைப் பிடித்தவரால் அதைத் தாண்ட முடியாது.

ஆனால் ஒரு பிங் அனுப்பினாலே கணினியைக் கைப்பற்றிவிடலாம் என்று செய்திகளில் படித்தேனே?

அப்படிப்பட்ட தலைப்புகள் வந்தது உண்மை. திசையையே அவற்றில் சில தவறாகச் சொல்லின. பிங் அனுப்புவதால் தாக்க முடியாது, பிங்குக்கு வரும் பதிலால்தான் தாக்க முடியும். தொலைவிலிருந்து ஒருவர் பிங் நிரலைச் செயலிழக்கச் செய்யலாம் என்பது உறுதியான விளைவு. அதற்கு மேல் தீய நிரல்வரிகளை ஓட்டுவதற்கு முந்தைய விடைகளில் சொன்ன தடைகள் ஒவ்வொன்றையும் கடக்க வேண்டும்.

அதற்காக இதைத் தூசியாகத் தட்டிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கூண்டு இருந்ததால் தப்பித்தோம் என்பது கூண்டைக் கட்டியவர்களுக்குப் பாராட்டு. நகலெடுத்த வரிக்குச் சமாதானம் ஆகாது.

இது அந்தப் பழைய பிங் ஆஃப் டெத் தானே?

இல்லை; இரண்டுக்கும் பெயரளவில்தான் உறவு. 1996, 1997 ஆண்டுகளில் பேசப்பட்ட பிங் ஆஃப் டெத்தில், துண்டுதுண்டாக அனுப்பப்பட்ட பாக்கெட்டுகளைப் பெறுபவரின் கெர்னல் ஒன்றுசேர்க்கும்போது மொத்த அளவு ஐபி அனுமதிக்கும் 65,535 பைட்டுகளைத் தாண்டி, கணினியே நின்றுபோகும். அங்கே பாதிக்கப்பட்டது பிங்கைப் பெற்ற கணினியின் கெர்னல்; இங்கே பாதிக்கப்பட்டது பிங்கை அனுப்பிய பயனரின் ஒரு நிரல்.

என்னிடம் இருப்பது லினக்ஸ். விண்டோஸும் உண்டு. நான் எதையும் செய்ய வேண்டுமா?

இந்தக் குறிப்பிட்ட பிழைக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் உள்ள பிங், ஐபியூட்டில்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. விண்டோஸில் உள்ளது முற்றிலும் வேறு நிரல். ஒரே பெயர் இருப்பதால் ஒரே நிரல் என்று எண்ணிவிடக் கூடாது.

எங்கள் அலுவலகத்தில் ஃப்ரீபிஎஸ்டி என்று எதுவுமே இல்லை. பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் கணக்கில் வருமா?

வரும். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகிய ஃபயர்வால்களும், ட்ரூநாஸ் கோர் சேமிப்பகமும் ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டப்பட்டவை. அவற்றின் இணையப் பக்கத்தில் உள்ள பிங் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது பின்னால் ஓடுவது இந்த நிரலே. அவற்றை அவற்றுக்குரிய புதுப்பிப்பு வழியிலேயே புதுப்பிக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியின் திருத்தத்தை நேரடியாக அவற்றின் மேல் போட முயல வேண்டாம். அப்படி முயன்று ஃபயர்வாலையே படுக்க வைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

எந்தப் பதிப்பில் சரிசெய்தார்கள்? புதுப்பித்தால் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டுமா?

அன்று ஆதரவில் இருந்த எல்லாப் பதிப்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன. 13.1 பதிப்பில் ஐந்தாவது திருத்த நிலையிலும், 12.3 பதிப்பில் பத்தாவது திருத்த நிலையிலும் சரிசெய்யப்பட்டது. அப்போது முன்னோட்ட நிலையில் இருந்த 12.4, திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டே டிசம்பரில் வெளியானது. இந்த மூன்று பதிப்புகளுக்குமே இப்போது ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே இன்று இந்தக் கேள்வியைக் கேட்பவருக்குத் தேவைப்படுவது ஆதரவில் உள்ள புதிய பதிப்புக்கு மாறுவது.

பிங் கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு பயனர்வெளி நிரல் என்பதால், கோப்பு மாற்றப்பட்டதும் அடுத்த முறை இயக்கும் பிங் திருத்தப்பட்டதாகவே இருக்கும்; இதற்காக மட்டும் மறுதொடக்கம் தேவையில்லை. ஆனால் நாள்கணக்கில் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும் பிங் ஏதேனும் இருந்தால் அதை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் நகல் பழையதுதான். சரிபார்க்கும்போது கெர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கெர்னல் மாறாத திருத்தங்களில் அந்த எண் அப்படியே நிற்கும். ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கட்டளையை யூ என்ற சிறிய எழுத்துத் தெரிவுடன் இயக்கினால் பயனர்வெளியின் திருத்த நிலை தெரியும்.

புதுப்பிக்க முடியாத நிலை. ஃபயர்வாலில் தடுத்தால் போதாதா?

மாற்று வழி எதுவும் இல்லை என்றுதான் அறிவிப்பு சொன்னது. இருந்தாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிஎஃப் என்ற பாக்கெட் வடிகட்டி, ஐபி ஆப்ஷன் உள்ள பாக்கெட்டுகளை இயல்பாகவே விடுவதில்லை. ஒரு விதியில் வெளிப்படையாக இசைவு எழுதினால்தான் விடும். ஆகவே பிஎஃப் இயங்கும் கணினியில், வெளி ஹெட்டர் வழியாக வரும் தாக்குதல் பிங்கை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடும்.

ஆனால் இரண்டாவது இடம் ஒன்று இருந்ததை நினைவில் கொள்ளுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் ஹெட்டர், வடிகட்டியின் அந்த விதியைப் பொறுத்தவரை ஆப்ஷன் அன்று. அது வெறும் உள்ளடக்கம். வெளி ஹெட்டர் 20 பைட்டுகளுடன் ஒழுங்காக இருந்து, உள்ளே மட்டும் நீண்ட ஹெட்டர் இருந்தால் அந்த விதி அதைப் பிடிக்காது. ஐசிஎம்பி முழுவதையும் தடுத்துவிடலாமே என்பவர்களுக்கு: பதில்களையும் தடுத்தால் பிங் பயனற்றதாகும், பிழைச் செய்திகளைத் தடுத்தால் பாதையின் பாக்கெட் அளவைக் கண்டறியும் முறை கெட்டு, சில தளங்கள் காரணம் தெரியாமல் பாதியில் நின்றுபோகும். புதுப்பிக்கும் வரை பிங் கோப்பின் இயக்க அனுமதியை எடுத்துவிடுவதே இதைவிட நேர்மையான தற்காலிக வழி.

1983இல் எழுதியது என்றால், இந்தப் பிழை நாற்பது ஆண்டுகளாகவா அங்கே இருந்தது?

இல்லை. மூலத்தில் இந்த நகலெடுப்பே கிடையாது. பாக்கெட் கிடந்த இடத்தையே ஹெட்டர் என்று பாவித்து நேரடியாகப் படித்தார்கள். நகலெடுக்காத இடத்தில் வழிவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப் படிப்பதில் வேறொரு குறை உண்டு. சில செயலிகளில், 4 பைட் எண் 4 ஆல் வகுபடும் முகவரியில் இல்லாவிட்டால் படிக்கும்போது சிக்கல் வரும். கம்பைலரும் அதைப் பற்றி எச்சரிக்கும். 2019இல் அந்த எச்சரிக்கைகளை நீக்கி நிரலைச் சீர்செய்தபோதுதான், முறையாகச் சீரமைந்த அமைப்புகளுக்குள் நகலெடுத்துப் படிக்கும் முறை வந்தது. ஒழுங்குபடுத்தச் செய்த வேலையோடு பிழையும் உள்ளே வந்தது என்பதே இதில் கசப்பான பகுதி.

கம்பைலர் எச்சரிக்கையை நீக்கத்தான் அந்த மாற்றமே என்றால், அதே கம்பைலர் இதை ஏன் பிடிக்கவில்லை?

நகலெடுக்கும் அளவு பாக்கெட்டிலிருந்து வருகிறது; கம்பைல் செய்யும்போது அந்த எண் என்னவென்று கம்பைலருக்குத் தெரியாது. ஓடும்போது சரிபார்க்கும் வசதிகள் உண்டு. மெம்காப்பி போன்ற செயற்கூறுகளை அழைக்கும் இடத்தில், பெறும் இடத்தின் அளவு கம்பைலருக்குத் தெரிந்திருந்தால், ஓடும்போது வரும் நீளத்தை அதனோடு ஒப்பிட்டு மீறினால் நிரலை நிறுத்தும் ஃபோர்ட்டிஃபை முறை லினக்ஸ் விநியோகங்களில் நெடுநாளாகப் புழங்குகிறது. பெறும் இடம் 20 பைட் என்று தெளிவாகத் தெரிந்த இந்த வரி, அந்த முறை பிடிப்பதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. அன்றைய ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை நிரல்கள் அப்படிக் கட்டப்படவில்லை.

திருத்தத்தில் என்னதான் மாற்றினார்கள்?

நகலெடுக்கும் அளவாக, பாக்கெட் சொல்லும் நீளத்துக்குப் பதிலாகப் பெறும் அமைப்பின் அளவையே கொடுத்தார்கள். பாக்கெட் சொல்லும் நீளம், ஐசிஎம்பி பகுதி எங்கே தொடங்குகிறது என்று கணக்கிட மட்டும் பயன்படுகிறது. அதோடு, ஹெட்டர் நீளம் 20 பைட்டுகளுக்குக் குறைவு என்று சொல்லும் பாக்கெட்டுகளையும், மேற்கோளை அடக்கும் அளவுக்கு நீளமில்லாத பாக்கெட்டுகளையும் ஒதுக்கும் சோதனைகள் சேர்ந்தன.

வேறு இயங்குதளங்களின் பிங்கை யாராவது அதற்குப் பிறகு சோதித்தார்களா?

ஓபன்பிஎஸ்டியைச் சேர்ந்த ஒருவர் இந்த அறிவிப்பைப் பார்த்ததும் தங்கள் பிங்கை ஃபஸ்ஸிங் முறையில் சோதித்தார். அதாவது, தாறுமாறாக மாற்றிய பாக்கெட்டுகளை ஆயிரக்கணக்கில் நிரலுக்கு ஊட்டி, எது அதைத் தடுமாறச் செய்கிறது என்று பார்ப்பது. ஃப்ரீபிஎஸ்டியின் வழிதல் பிழை அங்கே இல்லை. ஆனால் 24 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்த வேறொரு பிழை அகப்பட்டது.

எங்கள் பழைய ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் போன வாரம் பிங் திடீரென்று நின்றுபோனது. தாக்கப்பட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருமுறை நின்றதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செட்யூஐடி நிரல் என்பதால் இயல்பமைப்பில், செயலிழந்த நிரலின் நினைவக நகலான கோர் கோப்பும் எழுதப்பட்டிருக்காது. அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். கெர்னல் பதிவேட்டில், பிங் எந்த சிக்னலால் முடிந்தது என்ற ஒரு வரி இருக்கும். 11 என்றால் தவறான நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. 6 என்றால் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது, ஸ்டாக் காவல் மதிப்பு கெட்டதால் அது நடந்திருக்கலாம்.

அந்த வரி இருந்தால், அதே வலையமைப்பில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைச் சில நாள் ஓடவிட்டு, ஐசிஎம்பி பாக்கெட்டுகளில் முதல் பைட்டின் கடைசி 4 பிட்டுகள் 5ஐவிடப் பெரிதாக இருப்பவற்றை மட்டும் பிடித்து வையுங்கள். பிழைச் செய்திகளில் மேற்கோளின் முதல் பைட்டுக்கும் அதே சோதனையைச் செய்யுங்கள். வெளி ஹெட்டர் 20 பைட்டாக இருந்தால் மேற்கோள் 28 பைட்டுகள் தள்ளித் தொடங்கும். வழிப்பதிவுடன் பிங் செய்யும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இல்லையென்றால், அகப்படும் ஒவ்வொரு பாக்கெட்டும் யாருடையது என்று விசாரிக்கத் தக்கது.